கழுவி வைத்த எருக்குழி

கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்த அந்த வீட்டில் நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற வீடு, ஏழு அறைகள். விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, முற்றம் கூட்டுவது, பின்பக்கத்துச் செடிகளைப் பார்ப்பது எல்லாம் என் வேலை. முத்தியால்பேட்டையிலிருந்து காலையில் நடந்தே போய்விடுவேன். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில் நின்றபிறகு அதிக நாள் இருக்கவில்லை. பொண்ணும் கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையம் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீடுதான் போக்கிடம். அங்கே யாரும் என்னிடம் அதிகம் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். புது ஆள் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. தலை தானாகக் குனிந்துகொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். தமிழ்க்காரிதான், கிறிஸ்தவ வேதக்காரர். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் இறந்த பிறகு மதாம் வீட்டுக்கு வெள்ளையடித்து, அறைகளுக்குக் கட்டில் வாங்கிப் போட்டு, விருந்தாளிகளைத் தங்கவைக்க ஆரம்பித்தார். ஒரே மகன் பிரான்சில் இருந்தார். அவருக்கு வீட்டை விற்றுவிட வேண்டும், அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். தப்பான எண்ணம் என்று சொல்லமாட்டேன். எழுபது வயது அம்மா தனியாக இருக்கிறாளே என்கிற கவலை. ஆனால் மதாமுக்கு அந்த வீட்டை விட்டு ஒரு நாள் வெளியூர் போனாலும் தூக்கம் வராது.

கடல் பொங்கி வந்த வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்துபோனது. ஏழு அறையில் ஐந்து பூட்டியே கிடக்கும். நான் பூட்டிக்கிடக்கிற அறைகளிலும் வாரத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றிவிட்டு வருவேன். பாண்டிச்சேரியைப் புதுச்சேரி என்று மாற்றினார்களே, அதற்கு மறு வருஷம் மகன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த ஒரு வருஷம் பார்க்கலாம், அப்புறமும் இப்படியே இருந்தால் வீட்டை விற்கத்தான் வேண்டும் என்று. மதாம் சரி என்றார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து ஒரு பயணக் கம்பெனிக்காரம்மா வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். அவருக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புகிறேன் என்றாராம். ஆனால் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை மதாம் அடுப்படியில் வைத்து எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு என்றால் எனக்கும் சமையல்காரத் தம்பிக்கும். அவர் முன்னே தட்டாஞ்சாவடியில் ஒரு பாக்டரி கேண்டீனில் இருந்தவர். ஐம்பது வயதிருக்கும், என்னை அக்கா என்பார்.

"தண்ணி வீணாக்காம, குப்பையை ரோட்ல கொட்டாம, இந்த ஊரு ஆளுங்களுக்கு வேலை குடுத்து நடத்துற வீடுன்னு ஒரு பேப்பர் வேணுமாம்" என்றார் மதாம்.

"அதுக்கென்னா, நாமளே எழுதி வெச்சிக்கலாமே" என்றார் சமையல்காரர். "பக்கத்துத் தெரு ஓட்டல்ல வாசல்லயே பச்சை பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கான். எலை படம் கூட போட்டிருக்கான்."

"அவன் எழுதி வெச்சதை நம்பித்தான் இவங்க ஒரு வாட்டி ஆளை அனுப்பியிருக்காங்க. வந்தவங்க மாடியிலேர்ந்து பாத்தா, அவன் பின்பக்கமா வாய்க்கால்ல குப்பையைக் கொட்டுறான். அவங்க போட்டோ புடிச்சிகினு போயி கம்பெனி மேலயே சண்டைக்கு நின்னுட்டாங்க. அதுலேர்ந்து யார் வாய்ப்பேச்சும் அவங்களுக்கு வேணாம். சம்மந்தமில்லாத ஒரு ஆள் வந்து கண்ணால பாக்கணும். வேலை செய்யறவங்களைத் தனியாக் கூப்ட்டுக் கேக்கணும். அப்புறம் கையெழுத்துப் போடணும்."

"கல்யாணத்துக்குப் பொண்ணைப் பாக்க வர்ற மாதிரி சொல்றீங்க."

மதாம் சிரித்தார். "ஆமா. புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா நம்ம வீட்டுப் பேரு அவங்க புஸ்தகத்துல ஏறும். அதைப் பாத்துத்தான் அங்க ஜனங்க எங்க தங்கறதுன்னு முடிவு பண்றாங்க. ஏறிட்டா வருஷம் பூரா ஆள் வரும்." என்னைப் பார்த்து, "நான் எங்கயும் போவ வேணாம்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு ராத்திரி பகல் காதில் இருந்தது. மதாம் போக வேண்டாம். என்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் வினையாகிவிட்டது.

உண்மையில் நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வெயிலில் தண்ணீர் சுடுகிற பெட்டி மாடியில் இருந்தது. குடிக்க அறைக்கு அறை கண்ணாடிக் கூஜா. பிளாஸ்டிக் பாட்டிலை மதாம் உள்ளேயே விடமாட்டார். மக்குகிறது, மக்காதது, பாட்டில் என்று மூன்று டப்பா வைத்திருந்தோம். எல்லாவற்றையும்விட, பின்பக்கச் சுவர் ஓரமாக இரண்டு எருக்குழி. அது என் பொறுப்பு. எங்கள் அப்பன் வீடு பாகூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். எரு போடுவது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். காய்த் தோல், முட்டை ஓடு, விருந்தாளிகள் தின்று போட்ட பழத் தோல், முற்றத்துச் சருகு எல்லாம் ஒரு குழியில் போட்டு, மேலே மண் தூவி, ஈரம் பார்த்து, புரட்டிவிடுவேன். ஒரு குழி நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பிடிகூடத் தெருவுக்குப் போகவில்லை. எரு காப்பித்தூள் மாதிரி கருகருவென்று உதிரும். நாற்றம் என்பதே கிடையாது.

ஆனால் அதை நான் யாருக்கும் காட்டமாட்டேன். விருந்தாளி யாராவது பின்பக்கம் நடந்து வந்தால் சாக்கை எடுத்து மூடிவிடுவேன். ஒரு வயதான வெள்ளைக்காரம்மா ஒருதரம் சாக்கை விலக்கிவிட்டு, எருவைக் கையில் அள்ளி மோந்து பார்த்து, என்னவோ சொல்லிச் சிரித்தார். நான் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டேன். அவ்வளவு வெள்ளை விரிப்பும் மெழுகின தரையுமாக இருக்கிற வீட்டில், குப்பை அழுகுகிற இடத்தைப் போய் ஒருவர் பார்க்கிறாரே என்று எனக்குக் கூசிப்போனது.

சான்றிதழுக்குப் பார்க்க வருகிறவர் எந்தத் தேதியில் வருவார் என்று கடிதம் வந்தது. மதாம் அவரை ஆடிட்டர் என்றார். தேதி நெருங்கும்போது காரைக்காலில் மதாமுடைய பெரியப்பா மகள் தவறிவிட்டார். போகாமல் இருக்க முடியுமா. இரண்டு நாள் முன்னால் புறப்பட்டார். ஆடிட்டர் வருகிற அன்று காலையில் திரும்பிவிடுவேன் என்றார். கார் ஏறும்போது என்னிடம் சொன்னார்:

"எதுவும் புதுசா செய்ய வேணாம்மா. இருக்கறது இருக்கறபடி இருந்தாப் போதும். அவரு எல்லாத்தையும் பாப்பாரு. குப்பையைக்கூட விடமாட்டாரு."

எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வருகிறவர்கள் "எனக்குன்னு எதுவும் செய்யாதீங்க" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு யாராவது சும்மா இருப்பார்களா. அந்த வார்த்தைக்கு அர்த்தம் செய் என்பதுதான். மதாமுக்குப் பெரிய மனசு, எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். குப்பையைக்கூட விடமாட்டார் என்று சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பார்க்க வருகிறவர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. நாலாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கு முதல் நாள் சுண்ணாம்பு அடித்தார்கள், கொடி கட்டினார்கள். வாத்தியார் எங்களில் ஐந்தாறு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நீங்க வர வேணாம், வீட்லயே இருங்க" என்றார். என் பாவாடையில் பெரிய ஒட்டு போட்டிருந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, தலையைத் தடவித்தான் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தை மெச்சிவிட்டுப் போனாராம். எங்களுக்கும் சந்தோஷம். நாங்கள் போகாததால்தான் நல்ல பேர் வந்தது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

சமையல்காரத் தம்பியிடம் கேட்டேன். அவர் கேண்டீனில் இருந்தவர், விவரம் தெரிந்தவர்.

"அக்கா, இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு ஒரு ஈ பறக்கக் கூடாது" என்றார். "எங்க பாக்டரியில மொத நாளே மிஷினைக் கூட தொடச்சி பொட்டு வெச்சிடுவோம். குப்பைத் தொட்டி, கிழிஞ்ச சாக்கு, ஒடைஞ்ச நாற்காலி எல்லாம் காம்பவுண்டுக்கு அந்தாண்ட போயிடும். ஆபீசர் கண்ணுல அழுக்கு பட்டா அந்த ஆளுக்கு நாம செய்யற மரியாதை என்னா?"

"மதாம் எதுவும் செய்ய வேணாம்னு சொல்லிட்டுப் போச்சே."

"அது சொல்லும். வந்து பாத்துட்டு சந்தோஷப்படும் பாருங்க."

ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள் மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தோம். இரண்டு குழியையும் அடிவரைக்கும் வாரச் சொன்னேன். பாதி மக்கினது, நன்றாக மக்கினது எல்லாம் போயிற்று. அவர் ஒரு பூந்தோட்டத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சந்தோஷமாகக் கொண்டுபோனார். குழியை நான் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். சுற்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டேன். மேலே பலகை வைத்து, குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தூக்கி வைத்தேன். மூன்று டப்பாவில் இருந்ததையும் ஒன்றாகக் கொட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு, டப்பாக்களை விளக்கிக் கவிழ்த்தேன். மத்தியானம் முழுக்க ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு முற்றத்தையும் பின்பக்கத்தையும் அலசினேன். தண்ணீர் வாசல் தாண்டித் தெருவில் ஓடியது. சமையல்காரர் கடைக்குப் போய் சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டில் ஆறு வாங்கிவந்தார். கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிக் கொடுத்தால் ஆபீசர் என்ன நினைப்பார் என்றார். சாயங்காலம் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் மதாம் காரைக்காலிலிருந்து வந்த கார் வழியில் நின்றுவிட்டது. ஆடிட்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பெரிய ஆபீசர் மாதிரியே இல்லை. சமையல்காரர் அவர் முன்னால் தண்ணீர் பாட்டிலை வைத்து, மூடியைத் திருகிக் கொடுத்தார். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து தன் சொந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார். விடியற்காலையிலும் ஒருதரம் அலசியிருந்தேன், முற்றத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. நடக்கும்போது அவருக்குக் கால் லேசாக வழுக்கியது.

"இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ வேணாலும் வுடலாம் சார்" என்றார் சமையல்காரர் பெருமையாக. "நம்மது நல்ல போர்."

மதாம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை இருக்கும். துக்க வீட்டுப் புடவையைக்கூட மாற்றாமல், ஒரு கட்டு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆடிட்டரோடு அறை அறையாகப் போனார். நான் பின்னால் போனேன். மாடிப் பெட்டி, சோப்பு வைக்கிற சாடி, விளக்கு எல்லாம் அவர் பார்த்து எழுதிக்கொண்டார். மதாம் முகத்தில் தெளிவு வந்தது. "வாங்க, நீங்க முக்கியமாப் பாக்க வேண்டியது பின்னால இருக்குது" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் குழியைக் காட்டத்தான் அப்படிக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

சுவர் ஓரம் போய் நின்றார். குரோட்டன்ஸ் தொட்டிகள், சுண்ணாம்புக் கோடு. ஆடிட்டர் ஒரு தொட்டியை நகர்த்திப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். பிளீச்சிங் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ஒரு சருகுகூட இல்லை.

"இங்கதான்... எரு போட்டுட்டு இருந்தோம்" என்றார் மதாம்.

"எது வரைக்குங்க?"

மதாம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றார். அதுதான் முறையாம். அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்தார். உட்காருங்கம்மா என்றார். நான் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். வாரத்தில் லீவு உண்டா, சாப்பாடு உண்டா என்றெல்லாம் கேட்டார். தலையாட்டினேன்.

"சமையல் குப்பையெல்லாம் எங்கங்கம்மா போகுது?"

"குப்பை இல்லைங்க."

"தெனமும் சமைக்கறாங்கல்ல, தோலு, மிச்சமெல்லாம் இருக்குமில்லீங்க?"

"தெருமொனை தொட்டியில போட்டுருவோங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. குனிந்து என் முகத்தைப் பார்க்கப் பார்த்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. பின்னால அந்தக் குழியில குப்பை போட்டு எருவாக்கற பழக்கம் உண்டுங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா நல்லதுதான்."

இருந்தால் நல்லது என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் அதைக் கேட்டேன், கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. ஒரு வேற்று ஆம்பளை, கையில் காகிதம், இந்த வீட்டில் குப்பை அழுகுகிறதா என்று கேட்கிறார். மதாமை நான் காப்பாற்ற வேண்டும். அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது.

"இல்லைங்க. இந்த வூட்ல அந்த மாதிரியெல்லாம் கெடையாதுங்க" என்றேன். அந்த நாளில் நான் தெளிவாகப் பேசினது அது ஒன்றுதான்.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து முன் அறையில் அவரும் மதாமும் பேசினார்கள். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். இரண்டு வருஷமாக எரு போட்டு வந்ததை மதாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடிட்டர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்னு என் மனசுக்குப் படுதுங்க மதாம். ஆனா மனசுக்குப் பட்டதை நான் எழுத முடியாதுங்க. பாத்ததும் கேட்டதும்தான் எழுதலாம். ஒரு எடத்துல நான் எரக்கப்பட்டு எழுதிட்டேன்னா, அப்புறம் இந்தக் காகிதத்தை எவன் நம்புவான்? எவனும் நம்பாத காகிதம் உங்களுக்குத்தான் எதுக்காகுங்க?"

"மறுபடி எப்ப வருவீங்க?"

"ஆறு மாசம் கழிச்சுத்தாங்க விதி."

"அதுக்குள்ள அவங்க புஸ்தகம் அச்சுக்குப் போயிடும்" என்றார் மதாம்.

நான் அங்கே நிற்கவில்லை. பின்வாசல் வழியாகப் போய், வெயிலில் முத்தியால்பேட்டைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வண்டிக்காரரைத் தேடிப் பிடித்தேன். எருவைத் திருப்பிக் கொடு என்றேன்.

"யக்கா, உங்களுக்கு என்னா ஆச்சு?" என்றார் அவர். "அது நேத்தே பாத்தியில கொத்திவுட்டாச்சு. கனகாம்பரத்துக்கு அடியில போயிடுச்சு."

தோட்டம் எங்கே என்று கேட்டுப் போனேன். தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, பாத்தி ஓரத்தில் கொத்தாமல் விட்டிருந்ததைக் கையால் வாரி ஒரு சாக்கில் போட்டேன். பாதி மண், பாதி எரு. தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஆடிட்டர் போய்விட்டிருந்தார்.

மதாம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சாக்கோடு நிற்கிற என்னைப் பார்த்தார். என் முகத்தில் எரு வழிந்திருக்கும்.

"எதுக்கும்மா அதை எடுத்தே?"

"அசிங்கமா இருக்குமேன்னு மதாம்."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழக்கூட இல்லை. சாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்சம் தேறினபிறகு கேட்டார். "சரி, போச்சு. தனியாக் கேட்டாரே, ரெண்டு வருஷமா போட்டு வர்றோம்னு சொன்னே இல்ல?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

"அது போதும். நீ சொன்னதை எழுதியிருப்பாரு. அதைப் பாத்து ஏதாச்சும் எரங்கி வருவாங்க" என்றார்.

அந்தத் தலையாட்டலை நான் எப்படிச் செய்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பயத்தில் சொன்னதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். மதாமிடம் எனக்கு என்ன பயம். அவர் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அந்த நூலிலேயே அவரை மூன்று வாரம் தொங்கவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் நான் குழியில் திரும்பக் குப்பை போட்டேன். சாக்கில் கொண்டுவந்ததை அடியில் பரப்பி, மேலே தோலும் சருகும் போட்டுப் புரட்டினேன். பிளீச்சிங் போட்ட குழி ஆகையால் சீக்கிரம் மக்கவில்லை. மதாம் அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு காகிதம் வந்தது. மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் திருப்பினார். அடுத்த பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றார். விரல் வைத்து மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. யாரோ உடம்பு முடியாதவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்தார்.

"மாடியில துணி காய்ஞ்சிருக்கும், எடுத்துடும்மா. மழை வர்ற மாதிரி இருக்குது" என்றார்.

நான் மாடிக்குப் போனேன். வானம் வெளுத்துத்தான் கிடந்தது.

அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சமையல்காரத் தம்பி மட்டும் அடுப்படியில் தனியாக இருக்கும்போது, "நான்தான் அக்கா உங்களை ஏத்திவுட்டேன்" என்பார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவர் சொன்னது முன்னால் நடந்ததைப் பற்றி. கதவுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது.

கம்பெனிப் புஸ்தகத்தில் எங்கள் வீட்டுக்குப் பதிலாக இன்னொரு வீடு ஏறியது. கோயில் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு. அவர்கள் குழிக்கு மூடிகூடப் போடவில்லை, ஆடிட்டர் வந்தபோது கோழி கிளறிக்கொண்டிருந்ததாம். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வாசலில் வேன் வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் பெட்டியோடு இறங்குவார்கள். நான் வேலைக்குப் போகும்போது அந்த வழியாகப் போகமாட்டேன். ஒரு நாள் மறந்துபோய்ப் போனேன். வாசலில் பித்தளைத் தகடு ஒன்று பதித்திருந்தார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த அளவு தகட்டுக்கு அவ்வளவு பேர் கடல் தாண்டி வருகிறார்கள்.

மகன் டிசம்பரில் வந்தார். வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். மதாம் யாரோடும் வாதாடவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் நூல் பிடித்துக் கொடுப்பேன், அவர் முடிச்சுப் போடுவார்.

"நீ என்ன பண்ணுவே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பொண்ணு வூட்டுக்குப் போயிடுவேன் மதாம்."

"அவ நல்லாப் பாத்துக்குவாளா?"

"பாத்துக்குவா."

"எனக்கும் புள்ளை வூடுதான்" என்றார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆயிட்டோம் பாரு."

நான் அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவர் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். நூலின் அடுத்த முனை என் கையில் இருந்தது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். கார் வந்த அன்றைக்கும் அப்படித்தான். தெருவில் அண்டை வீட்டுக்காரர்கள் நின்றார்கள், மகன் நின்றார், சமையல்காரர் அழுதுகொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் எனக்கு எப்படி வாய் வரும். மதாம் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர்கள் வழக்கம் அது, ஆனால் எனக்குக் கொடுத்ததில்லை. நான் கல்லாக நின்றேன்.

மறு வருஷம் ஒருதரம் போன் பண்ணினார். பொண்ணு வீட்டு செல்போனில் வந்தது. எட்டாவது மாடியாம். சன்னலைத் திறந்தால் குளிர், திறக்காவிட்டால் மூச்சு முட்டுகிறது என்றார். கீழே இறங்கினால் வழி தெரியவில்லை, அதனால் இறங்குவதில்லை என்றார். பொண்ணும் மருமகனும் பக்கத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் மதாம்."

"நீ பேசவே மாட்டேங்கற. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் மதாம்."

அவ்வளவுதான் பேசினேன். இந்தக் காதில் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி. மாசி மாதம் கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள் என்று சமையல்காரத் தம்பி வந்து சொன்னார். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று நானும் அவரும் உப்பளம் கல்லறைக்குப் போனோம். மதாமுடைய வீட்டுக்காரர் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தோம். எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுவத்தியுமாக இருந்தது. இதில் மட்டும் இல்லை. மதாம் இருந்தபோது இரண்டு பேருக்கும் இடம் விட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார். கல்லில் மேல் பாதியில் அவர் வீட்டுக்காரருடைய பேரும் வருஷமும் வெட்டியிருந்தது. கீழே பாதி ஒன்றும் எழுதாமல் வழவழவென்று கிடந்தது.